பௌர்ணமியன்று போட்ட சொட்டு மருந்து

கண் மருத்துவத்துக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். நிதானமாக உட்கார்ந்து பேசுகிற ஆள் வேண்டுமென்றால் நீங்கள் தவறான ஆளைப் பிடித்திருக்கிறீர்கள். எனக்குக் கால் ஓரிடத்தில் தரிக்காது. திருவண்ணாமலையில் நான் வேலை பார்த்த மருத்துவமனையில், நோயாளி காத்திருக்கும் கூடத்துக்கும் ஸ்கேன் அறைக்கும் இடையே நான் நடந்த நடையில் கிரிவலப் பாதையைப் பலமுறை சுற்றி வந்திருப்பேன் என்று கேலி செய்வார்கள். ஓய்வு பெற்ற பிறகு அந்தத் தொல்லை வீட்டில் இருப்பவர்களுக்கு வந்து சேர்ந்தது.

ஆனால் அந்த நடை ஒருநாள் எனக்கு உதவியது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

அவள் பெயரை அம்சா என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பெயர் வேறு. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஒரு கிராமம். ஷேர் ஆட்டோ ஓட்டுகிற பெண். நாற்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தாள். கைவிரல் மூட்டுகளில் முடக்குவாதம். அதற்காக வேலூரில் ஒரு மூட்டு டாக்டரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சில வருடங்களாகக் கொடுத்துவந்த மாத்திரை ஹைட்ராக்சிகுளோரோகுயின். நல்ல மருந்துதான். எத்தனையோ பேரை எழுந்து நடமாட வைத்திருக்கிறது. பெரும்பாலானவர்களுக்குக் கண்ணில் ஒன்றும் செய்வதில்லை. ஆனால் அளவு ஜாஸ்தியாகி, வருடக்கணக்கில் போனால், சிலருக்கு விழித்திரையை அரிக்கும். ஆரம்பத்தில் நோயாளிக்கு ஒன்றுமே தெரியாது. தெரிய ஆரம்பித்த பிறகு போனது திரும்பாது. அதனால்தான் பார்வை நன்றாக இருக்கும்போதே வருடாவருடம் படம் எடுத்துப் பார்க்கிறோம்.

அம்சா வந்தது ஒரு பௌர்ணமி நாள் மத்தியானம். பௌர்ணமி என்றால் நம் ஊர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலையிலிருந்தே பேருந்துகள் ஊருக்கு வெளியே நிற்க ஆரம்பித்துவிடும். அங்கிருந்து ஜனங்களை ஏற்றி வருவது ஷேர் ஆட்டோக்காரர்களின் பாடு. மாதத்தில் அவர்கள் நம்பியிருக்கும் நாள் அது ஒன்றுதான். அம்சா உள்ளே வரும்போதே கையில் சாவியைச் சுழற்றிக்கொண்டு வந்தாள்.

"மேடம், சீக்கிரம் அனுப்பிடுங்க. சவாரி காத்துக்கினு இருக்குது. சொட்டு மருந்து மட்டும் போடாதீங்க. போட்டா சாயங்காலம் வரைக்கும் கண்ணு கூசும், வண்டி எடுக்க முடியாது."

இதை ஒவ்வொரு வருடமும், ஒவ்வொரு இடத்திலும் சொல்லியிருக்கிறாள் என்று பிறகுதான் தெரிந்தது. வேலூருக்குப் போகிற அன்றும் வண்டி ஓட்ட வேண்டும், வேறு ஊரில் ஸ்கேன் எடுத்த அன்றும் வண்டி ஓட்ட வேண்டும். அவள் கண்ணில், கருவிழி நடுவிலுள்ள பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து விழுந்ததே இல்லை. பாப்பா விரியாமலும், விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டும் ஓசிடி ஸ்கேன் எடுக்கலாம். விழித்திரையின் நடுப்பகுதி, நாம் எழுத்துப் படிக்கிற அந்தச் சின்ன இடம், தெளிவாகவே கிடைக்கும். அதைத் தாண்டி எடுக்கப் போனால் அவளுடைய குறுகிய பாப்பாவில் எல்லாம் புகை மூட்டம்தான்.

ஸ்கேன் எடுத்தவர் ஃபரீதா. படம் எடுப்பதில் கெட்டிக்காரர், சுத்தத்தில் அதைவிடக் கண்டிப்பானவர். ஸ்கேன் அறைக்குள் யாரும் செருப்போடு நுழையக்கூடாது. அறை வாசலில் எப்போதும் செருப்புக் கூட்டம் கிடக்கும். வந்து போகிறவர்கள் கால்பட்டு ஜோடிகள் பிரிந்து கிடப்பதும் வழக்கம்.

படம் என் மேஜைக்கு வந்தது. நடுப்பகுதி அழகாக இருந்தது. பார்வை இரண்டு கண்ணிலும் கடைசி வரி வரைக்கும். அவள் கொண்டுவந்திருந்த போன வருடப் படத்தோடு ஒப்பிட்டேன், மாற்றம் இல்லை. அறிக்கையில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தேன். வழக்கம்போல உட்கார்ந்தபடி போடப் பிடிக்காமல் எழுந்து கூடத்துப் பக்கம் நடந்தேன்.

அங்கே சண்டை நடந்துகொண்டிருந்தது.

"என் ஒரு செருப்பு எங்க? யாரோ மாட்டிக்கினு போயிட்டாங்க! தோ ஒத்தக் காலுதான் கெடக்குது!" அம்சா பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரை முறைத்தாள். "நீங்க இப்பத்தான உள்ள போயிட்டு வந்தீங்க?"

பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் எதுக்கும்மா பொம்பள செருப்ப எடுக்கப் போறேன்? தோ இருக்குது பாரு, உன் காலாண்ட!"

நிஜமாகவே அவள் கால் அருகில்தான் இருந்தது. ஒரு செருப்பு கிடந்த இடத்திலிருந்து இன்னொன்று ஒரு சாண், ஒன்றரைச் சாண் தள்ளிக் கிடந்தது, அவ்வளவுதான். அவள் முதல் செருப்பையே குறிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையைத் திருப்பிக் கூடத்தின் மூலைவரை தேடினாள். மறுபடி வந்து அந்த ஒற்றைச் செருப்பிலேயே கண்ணை வைத்தாள். பெரியவர் விரலை நீட்டிக் காட்டிய பிறகு, தலையைச் சற்றுத் திருப்பியதும்தான் அது அவளுக்குக் கிடைத்தது. "அட, இங்கயே கெடக்குது. பெரியவரே, தப்பா நெனச்சிக்காதீங்க" என்று சிரித்தாள். அவரும் சிரித்துவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. திறந்த பேனாவை மூடினேன்.

செருப்பைத் தேடித் தடுமாறாதவர் யார்? நான்கூட மூக்குக்கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடியிருக்கிறேன். ஆனால் அவள் தேடிய விதம் வேறு. பார்க்கிற பொருள் தெரிகிறது. தூரத்து மூலை தெரிகிறது. பார்க்கிற பொருளுக்குப் பக்கத்தில் ஒரு சாண் தள்ளி இருப்பது மட்டும் தெரியவில்லை. இந்த மருந்து சிலருக்கு நட்ட நடுவைத் தொடாமல் அதைச் சுற்றி வளையமாக அரிக்கும். நம்மைப் போன்ற ஆசிய மக்களில் சிலருக்கு அந்த வளையம் இன்னும் கொஞ்சம் வெளியே தள்ளி விழும். நடுவை மட்டும் படம் எடுத்தால் அது படத்திலேயே வராது.

நான் பயிற்சியில் இருந்தபோது ஒரு பெரிய டாக்டரிடம் வேலை செய்தேன். யாராவது 'சார், படம் நார்மல்' என்றால் அவர் தலையை நிமிர்த்தாமலே "எந்த இடத்துல?" என்று கேட்பார். நாங்கள் அவரை எரிச்சலோடு பார்ப்போம். அன்று கூடத்தில் நின்றபோது அந்தக் கேள்வி என் காதில் விழுந்தது. என் கையிலிருந்த படம் நார்மல்தான். அது காட்டிய இடத்தில் மட்டும் நார்மல்.

"அம்சா, கொஞ்சம் ஸ்கேன் ரூமுக்குள்ள வாங்க" என்றேன்.

சொட்டு மருந்து இல்லாமல் செய்யக்கூடிய ஒரு வழி இருந்தது. பார்வைப் பரப்புப் பரிசோதனை. கிண்ணம் போன்ற கருவிக்குள் நடுப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், ஓரங்களில் வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்க வேண்டும். அகலமான பரப்பில் வைத்து எடுத்தோம். அம்சா டக் டக்கென்று அமுக்கித் தள்ளினாள். ஃபரீதா முடிவைக் கொண்டுவந்து தலையில் அடித்துக்கொண்டார். வெளிச்சம் வராதபோதும் பொத்தான் அமுங்கியிருந்தது. அந்த முடிவை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

இதை மறக்காதீர்கள். நம் மக்கள் இந்தப் பரிசோதனையைப் பரீட்சை என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஃபெயில் ஆகிவிடக் கூடாது என்று தெரியாததையும் தெரிந்ததாக அமுக்குகிறார்கள். உட்கார வைப்பதற்கு முன்னால், "தெரியலன்னா அமுக்காதீங்க, இதுல பாஸ் ஃபெயில் கிடையாது" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அன்று அதைச் சொல்ல எங்களுக்கு நேரம் இருக்கவில்லை என்று சாக்குச் சொல்லலாம். அவள் நேரம் கொடுக்கவில்லை என்பதும் உண்மைதான்.

ஆக, படம்தான் மிச்சம். படத்தில் பொத்தானும் இல்லை, பரீட்சையும் இல்லை. ஆனால் அதற்குச் சொட்டு மருந்து போட்டாக வேண்டும்.

"முடியாது மேடம்" என்றாள் அம்சா. எழுந்தே விட்டாள். "போன வருஷமும் நார்மல்னாங்க. இன்னிக்கும் படம் நல்லா இருக்குதுன்னு இந்த அக்காவே சொல்லிச்சி. இப்ப திடீர்னு இன்னாத்துக்கு?"

"ஒரு சந்தேகம்."

"உங்க சந்தேகத்துக்கு நான் பௌர்ணமிய விட்றதா? நாளைக்கு வர்றேன், நாளான்னிக்கு வர்றேன். இன்னிக்கு ஆகாது."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது, அதனால்தான் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு செருப்பைத் தவிர என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. வளையம் இருந்தால் அது இன்று ஒரே நாளில் வந்ததல்ல, நாளை ஒரே நாளில் ஓடிவிடப் போவதும் இல்லை. கண்ணைப் பொறுத்தவரை நாளை வந்தால் போதும். ஆனால் சாயங்காலம் அவள் ஆட்டோவை எங்கே ஓட்டுவாள்? குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டும், வெறுங்காலோடும், மலையைப் பார்த்தபடி வண்டியைக் கவனிக்காமலும் நடக்கிற ஜனத்துக்கு நடுவில். என் சந்தேகம் தப்பாகிவிட்டால் அவளுடைய ஒரு பௌர்ணமி வீண். அதற்குப் பிறகு இந்த மருத்துவமனைப் படியை மிதிக்க மாட்டாள். சரியாக இருந்து நான் அனுப்பிவிட்டால்? அதை நினைக்கவே பிடிக்கவில்லை. அறைக்குள்ளேயே இங்கும் அங்கும் நடந்தேன். ஃபரீதா, "மேடம், ஒரு எடத்துல நில்லுங்களேன், எனக்கே தல சுத்துது" என்றார்.

நின்றேன். அம்சாவிடம் ஒன்று கேட்டேன். "வண்டி ஓட்டுறப்ப யாராச்சும் திடீர்னு முன்னாடி வந்து நிக்கிற மாதிரி இருக்குதா? எங்கேர்ந்து வந்தாங்கன்னே தெரியாம?"

"ஜனங்க எல்லாமே அப்பிடித்தான் மேடம். எங்கேர்ந்து பூந்து வருதுங்கன்னே தெரியாது. நேத்துகூட ஆசிரமத்தாண்ட, செங்கம் ரோட்டுல, ஒரு வெள்ளக்காரம்மா சைக்கிள்ல குறுக்க வந்துட்டாங்க. கடசி நிமிஷத்துல பிரேக் புடிச்சேன். அவங்க கீழ எறங்கி என்னையத் திட்டுறாங்க. குறுக்க வந்தது அவங்க, திட்டு எனக்கு…"

அங்கே அவள் பேச்சு நின்றுவிட்டது. சாவி சுழல்வதும் நின்றது. வாசலில் தான் கழற்றிப் போட்ட செருப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"போடுங்க மேடம்" என்று சொல்லி அண்ணாந்து உட்கார்ந்தாள்.

பாப்பா விரிவதற்குக் காத்திருந்த அந்த நேரத்தை என்னால் இப்போதும் சரியாகச் சொல்ல முடியவில்லை. சந்தேகம் சரியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளவும் முடியாது, தப்பாக இருந்து அவளிடம் வசை வாங்கவும் தைரியம் இல்லை. தப்பாகவே போகட்டும், வாங்கிக்கொள்கிறேன் என்று ஒரு கட்டத்தில் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

தப்பாகப் போகவில்லை. ஃபரீதா இந்த முறை நடுவைத் தாண்டி அகலமாக எடுத்தார். விழித்திரையின் அடுக்குகளில், ஒளியை வாங்கும் செல்கள் சீராக இருப்பதைக் காட்டும் ஒரு வெளிறிய கோடு உண்டு, உங்களுக்குத் தெரியும். அது நடுவில் ஒழுங்காக ஓடியது. வெளியே போகப் போக மங்கி, ஓரிடத்தில் இல்லாமலே போயிருந்தது, கைத்தறிச் சேலையில் இழை விட்ட இடம் மாதிரி. விழித்திரை தானாக ஒளிர்வதைப் பிடிக்கும் படத்தையும் எடுத்தோம். அதில் பிறை போல ஒரு பட்டை. இரண்டு கண்ணிலும், ஒன்றுக்கொன்று கண்ணாடி பார்ப்பது போல ஒரே இடத்தில். ஃபரீதா என்னைப் பார்த்தார்.

அம்சாவிடம் மறைக்காமல் சொன்னேன். நடுப்பார்வை பத்திரமாக இருக்கிறது. அதைச் சுற்றி ஒரு பட்டை பாதிக்கப்பட்டிருக்கிறது. காரணம் மாத்திரைதான் என்று படத்தின் சாயல் சொல்கிறது.

"எனக்கு நல்லாத்தான தெரியுது? தோ அந்தக் காலண்டர்ல இருக்கிற எழுத்தக்கூடப் படிப்பேன், சொட்டு போடாம இருந்தா."

"படிப்பீங்க. அதனாலதான் இது இத்தன நாளா மாட்டல."

அவள் கைப்பையைத் திறந்தாள். மாத்திரை அட்டையை எடுத்துக் குப்பைக்கூடையைத் தேடினாள். பாய்ந்து போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். பிள்ளைகளே, இந்த இடத்தில் நம்மில் பலர் சறுக்கிவிடுகிறோம். கண்ணைக் காப்பாற்றும் அவசரத்தில், நாமே 'நிறுத்து' என்று சொல்லிவிடுகிறோம், அல்லது நோயாளி தூக்கி எறிவதை வேடிக்கை பார்க்கிறோம். அந்த மருந்து ஒரு நோய்க்காகக் கொடுக்கப்பட்டது. அந்த நோய் வெளியே காத்துக்கொண்டிருக்கிறது. கொடுத்தவரோடு பேசாமல் எதையும் முடிவு செய்யக்கூடாது. பேசுவதை நாளைக்கென்று தள்ளவும் கூடாது.

வேலூர் டாக்டரை அழைத்தேன். எடுக்கவில்லை. நடந்தேன். மறுபடி அழைத்தேன். புறநோயாளிகள் கூட்டத்தில் இருந்தார் போல, எரிச்சலோடு எடுத்தார். "மேடம், போன வருஷம் ஸ்கேன் நார்மல். நான் குடுக்கிற அளவும் கம்மிதான். அந்த அளவுல இவ்ளோ சீக்கிரம் வராதே."

"எவ்ளோ குடுக்கிறீங்க?"

"முன்னாடி ரெண்டு. எடை கம்மியாச்சின்னு ரொம்ப நாளைக்கு முன்னாடியே ஒண்ணாக்கிட்டேன்."

நான் அம்சாவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"ரெண்டுதான் போட்டுக்கினு இருக்கேன் மேடம். ஒண்ணு போட்டா காலையில வெரலு மடங்காது. ஆட்டோ ஹேண்டில முறுக்க முடியல. மெடிக்கல்ல காலி அட்டையக் காட்டினா குடுத்துடுறாங்க. டாக்டர்கிட்ட சொன்னா திட்டுவாருன்னு சொல்லல."

வண்டி ஓட்டுவதற்காக ஜாஸ்தியாகப் போட்டுக்கொண்ட மாத்திரை, வண்டி ஓட்ட வேண்டிய கண்ணைத் தின்றிருந்தது. எனக்குக் கோபம் வர வேண்டும், வரவில்லை. போனில் இருந்தவரிடம் அப்படியே சொன்னேன். படங்களை அனுப்பினேன். அவற்றைப் பார்த்த பிறகு அவர் குரலில் எரிச்சல் போயிருந்தது. "அந்த மாத்திரை இனிமே வேணாம். வெரலுக்கு வேற மருந்து இருக்குது, நானே பாத்துக்கிறேன். நாளைக்குக் காலையில வரச் சொல்லுங்க. திட்ட மாட்டேன்னு சொல்லுங்க."

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடுத்த வாரம், பரீட்சை இல்லை என்று சொல்லி உட்கார வைத்ததும், பார்வைப் பரப்பில் அதே பட்டை அப்படியே விழுந்தது. படமும் அதுவும் ஒத்துப்போயின. ஓட்டுநர் வேலை அவளுக்கு இனி இல்லை என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அழுதாள். என்னைத் திட்டினாள். திட்டியது நல்லதுதான் என்று தோன்றியது. ஆட்டோவைத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டாள். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் இளநீரும் மோரும் விற்கிறாள். மருந்து நின்ற பிறகும் உடம்பில் தங்கியிருந்தது கொஞ்ச காலம் அரித்தது, பிறகு நின்றது. நடுப்பார்வை இன்றுவரை பத்திரம். போனது வரவில்லை, வராது. மூட்டுவலிக்காக மாத்திரை போடுகிறவர் யாரைப் பார்த்தாலும், "கண்ணு படம் எடுத்தீங்களா? சொட்டு போட்டு எடுத்தீங்களா?" என்று கேட்டு நம் மருத்துவமனைக்கு அனுப்பிவிடுகிறாள். அப்படி வருகிறவர்களை அவசரமாக அனுப்பாதீர்கள். எவ்வளவு எழுதிக் கொடுத்தார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள், எவ்வளவு விழுங்குகிறீர்கள், எதற்காக என்று கேளுங்கள். படத்தில் நடு நன்றாக இருந்தால் இன்னும் கொஞ்சம் வெளியே போய்ப் பாருங்கள். சொட்டு மருந்து வேண்டாம் என்பவரிடம், அன்று மாலை அவருக்கு என்ன வேலை என்று விசாரியுங்கள்.

அந்தப் பௌர்ணமி மத்தியானத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

போனில் பேசி முடித்ததும் அம்சா எழுந்தாள். சொட்டு மருந்தால் கண் கூச, கையை நெற்றிக்கு வைத்துக்கொண்டு வாசல் வரை வந்து நின்றாள். காலடியில் செருப்புகள் குவிந்து கிடந்தன. காலால் துழாவினாள். நான் குனிந்து அவளுடைய ஜோடியைப் பொறுக்கி எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டி அவள் காலருகே வைத்தேன். அவள் பதறிப் பின்வாங்கினாள்.

"ஐயோ மேடம், செருப்பெல்லாம் நீங்க தொடக்கூடாது."

போட்டுக்கொண்டாள். உடனே போகவில்லை. வெளியே சாலையில் ஜனம் மலைப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டபடியே நின்றாள்.

"மேடம், நேத்து அந்த வெள்ளக்காரம்மா... அவங்க குறுக்க வரல, இல்ல?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். "வந்திருக்க மாட்டாங்க அம்சா. எதிர்லயே, கொஞ்சம் தள்ளித்தான் இருந்திருப்பாங்க."

அவள் தலையாட்டினாள். ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போன் போட்டு, யாராவது வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள். கேட்காமலே சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, பெஞ்சில் அந்தப் பெரியவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.